வெறும் காலண்டர் படமா?

கேள்வி: ஐயா, சென்ற இதழில் ராஜா ரவிவர்மாவையும் கோவில்பட்டி கொண்டையராஜுவையும் மேதைகள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் போட்டது வெறும் காலண்டர் படம்தானே? அதற்குப் பதில் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஓவியங்களைப் பற்றி எழுதக்கூடாதா?
– ஒரு வாசகர், காரிமங்கலம்

பதில்: நம் பக்கத்துக்கு அப்புறம் வருகிறேன். 'வெறும்' என்று ஒன்று போட்டிருக்கிறீர்களே, அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் காலண்டரைப் பாருங்கள். நகைக்கடையோ மளிகைக்கடையோ கிருஷ்ணகிரி மாம்பழ மண்டியோ கொடுத்ததாக இருக்கும். மேலே சாமி, காலடியில் கடைப் பெயர், செல்போன் நம்பர், அதற்குக் கீழே தேதி கிழிக்கும் கட்டு. வருடம் முடிந்ததும் கட்டு குப்பைக்குப் போகும். படம் போகாது. கடைப் பெயரைக் கத்தரித்துவிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூஜை அலமாரியில் வைத்துவிடுவார்கள். மாம்பழ மண்டிக்காரர்கள் யாரும் காலண்டரில் மாம்பழம் போடுவதில்லை. அந்தப் பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலையேறிய பழனியாண்டவரைத்தான் விரும்பிப் போடுகிறார்கள். ஏன் என்று ஒரு மண்டி முதலாளியைக் கேட்டேன். "அவருக்கு ஒரு பழம் பாக்கி நிக்குதுங்க, அத வாங்கத்தான் வருசா வருசம் நம்ம கடைக்கு வர்றாரு" என்றார். இவ்வளவு உரிமையோடு ஒரு சாமியைப் பற்றிப் பேச முடிகிறது என்றால், அந்த முகத்தை அவர் தினமும் பார்த்துப் பழகியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர்களைத்தான் நீங்கள் ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டீர்கள்.

ரவிவர்மா 1848-ல் கிளிமானூரில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரண்மனையின் ஆதரவு இருந்தது. 1873-ல் வியன்னா கண்காட்சியில் பரிசு வாங்கினார், 1893-ல் அவருடைய படங்கள் சிகாகோவுக்குப் போய் அங்கேயும் பதக்கம் கிடைத்தது. மன்னர்கள் வரிசையில் நின்று படம் கேட்டார்கள். அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அரண்மனைச் சுவர்களில் மட்டும் இருந்திருப்பார். ஆனால் திவானாக இருந்த டி. மாதவராவ் அவருக்கு ஒரு யோசனை எழுதினார்: இத்தனை பேர் கேட்கிறார்கள், நீங்கள் கையால் வரைந்து மாளாது, படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சடிக்கப் பாருங்கள் என்று. ரவிவர்மா ஒரு படி மேலே போய் 1894-ல் பம்பாய்க்குப் பக்கத்தில் காட்கோபரில் சொந்த அச்சகமே ஆரம்பித்துவிட்டார், ஜெர்மன் இயந்திரங்களோடு. முதலில் அடித்தது சகுந்தலையின் பிறப்பு. இன்றைக்கு மாதிரி பொத்தானை அமுக்கினால் படம் வருகிற காலம் இல்லை. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியாக ஒரு கல், ஒரே தாள் ஒவ்வொரு கல்லின் மேலும் மாறி மாறிப் போய்வர வேண்டும், ஒரு மயிரிழை நகர்ந்தாலும் லட்சுமியின் உதடு கன்னத்தில் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் அச்சகம் லோனாவ்லா பக்கம் மளவ்லிக்கு மாறியது, கடனாகி, ஷ்லைச்சர் என்ற ஜெர்மானியரின் கைக்குப் போனது. 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்த பால்கே, சினிமாவுக்கு வருவதற்கு முன்பு அந்த அச்சகத்துக்கு வேலை பார்த்தவர்தான்.

இப்போது 1894 என்ற வருடத்துக்குப் பக்கத்தில் 1939-ஐ வைத்துப் பாருங்கள். 1939 ஜூலையில்தான் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர் தலித் மக்களை அழைத்துக்கொண்டு நுழைந்தார். அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமர் (இன்றைய முதல்வர் மாதிரி) ராஜாஜி, நம் ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். நுழைந்தவர்களையும் நுழையவிட்டவர்களையும் காப்பாற்ற அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தார். கோயில் கதவு திறக்க அவ்வளவு காலம் ஆயிற்று. அதற்கு நாற்பத்தைந்து வருடம் முன்பே ரவிவர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும் கடைக்கு வந்துவிட்டார்கள். காசு கொடுத்தவனுக்குப் படம் கிடைத்தது. என்ன சாதி என்று கேட்டு அச்சுத்தாளை விற்கவில்லை. கர்ப்பகிருகத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்க முடியாதவர், தன் வீட்டில், தன் கையெட்டும் உயரத்தில், சாமியின் கண்ணைப் பார்த்தார். கலை விமர்சகர்கள் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், இந்த ஒன்றைச் செய்த ஓவியர் வேறு யார்?

சொல்லவும் சொன்னார்கள். கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசாமிக்கு ரவிவர்மா என்றால் ஆகாது, எல்லாம் நாடகத்தனம் என்றார். விவேகானந்தரின் சிஷ்யை சகோதரி நிவேதிதாவுக்கு அதைவிட. தாமரை இலையில் கடிதம் எழுதிக்கொண்டு தரையில் படுத்திருக்கும் சகுந்தலையைப் பார்த்து முகம் சுளித்து எழுதினார். அவருக்குப் பிடித்தது 1905-ல் வங்காள ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் வரைந்த பாரத மாதா. காவி உடுத்தி, நான்கு கைகளில் ஏடு, நெற்கதிர், வெள்ளைத் துணி, ஜபமாலை ஏந்திய பெண். நல்ல படம்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைப் பார்த்த பரவசத்தில் நிவேதிதா என்ன ஆசைப்பட்டார் தெரியுமா? இதை ஆயிரக்கணக்கில் அச்சடித்து, கேதார்நாத்திலிருந்து கன்னியாகுமரி வரை ஒரு குடியானவன் குடிசை பாக்கியில்லாமல் சுவரில் மாட்ட வேண்டும் என்று! அம்மையாரே, அதைத்தானே நீங்கள் திட்டிய மனிதர் பதினோரு வருடம் முன்பே செய்ய ஆரம்பித்துவிட்டார்? சேலத்தில் ஒரு இலக்கியக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது மேடையில் இருந்த ஒரு எழுத்தாளர், கொண்டையராஜு எண்ணெய்க் கடைக்குத்தான் லாயக்கு என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறேன்: எண்ணெய்க் கடைக்கு வருகிற ஜனங்களுக்குக் கண் இல்லையா?

அந்தப் பாரத மாதா நம் ஊருக்கும் வந்தாள். பாப்பாரப்பட்டிக்கு. 1908-ல் வ.உ.சி.யோடு கைதாகி, சிறையில் தொழுநோய் பிடித்து, அந்த நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்த பிறகும், மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசிய சுப்பிரமணிய சிவா, கடைசியில் அங்கே ஆசிரமம் அமைத்தார். சாதி மதம் பார்க்காமல் யாரும் வந்து வணங்கப் பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. 1923-ல் வங்காளத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புவதைப் பார்க்காமலே 1925 ஜூலை 23-ம் தேதி பாப்பாரப்பட்டியில் இறந்துபோனார், நாற்பது வயதுதான். ஒரு உருவத்துக்காக உடம்பு அழுகிக்கொண்டிருந்த நேரத்திலும் அலைந்தாரே, அவரிடம் போய் 'வெறும் படம்' என்று சொல்ல முடியுமா?

கொண்டையராஜு வேறு மாதிரி. 1898-ல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர், திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அப்படியே கோவில்பட்டியில் தங்கிவிட்டார். பக்கத்திலேயே சிவகாசி அச்சகங்கள். சீடர்கள் அவரைச் சுற்றிச் சேர்ந்தார்கள்: டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம், செண்பகராமன் என்று ஒரு குடும்பமாகவே வரைந்தார்கள். அவர் சாமிகளின் பின்னால் மேகமும் தூணும் திரையும் நிற்பதைப் பார்த்தால் நாடக மேடையில் கற்றது தெரியும். அதை ஒரு குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது அவருடைய பலம்.

பாலக்கோட்டில் எங்கள் பாட்டி வீட்டுக் கூடத்தில் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். சுவரோடு ஒட்டி இருக்காது, கீழ்ப்பக்கம் சட்டத்தில் ஊன்றி, மேல்பக்கம் கயிற்றில் முன்னால் சாய்ந்திருக்கும், பின்னால் உள்ள சந்தில் குருவி கூடு கட்டும். ரவிவர்மா லட்சுமிக்கு மட்டும் பாட்டி தனி மரியாதை செய்திருந்தார். அச்சிட்ட புடவையின் மேல் பழைய பட்டிலிருந்து பிரித்த சரிகையைக் கரை கரையாக ஒட்டி, நகை இருந்த இடத்தில் எல்லாம் ஜிகினாப் பொட்டு வைத்திருந்தார். முகம், நான்கு கைகள், யானை, தாமரை இவை ரவிவர்மாவுடையவை. மற்றதெல்லாம் பாட்டியுடையது. அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் பெண்கள் இப்படிச் செய்திருக்கிறார்கள், சில படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மியூசியத்தில் மாட்டிய ஓவியத்தின் மேல் யார் கை வைக்க முடியும்?

சரி, நம் பக்கத்துக்கு வருகிறேன். பர்கூருக்குப் பக்கத்தில் மல்லப்பாடி என்று ஒரு ஊர். அங்கே பாறைக் குகையில் வெள்ளை வண்ணத்தில், குதிரை மேல் இருக்கும் ஆட்கள் சண்டை போடுவதை நம் முன்னோர் வரைந்து வைத்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், உங்கள் பேரைச் சுரண்டிவிட்டு வராதீர்கள்.

அப்புறம் டேனியல்கள். தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் தம்பி பிள்ளை வில்லியம் என்ற இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் 1792-ல், திப்புவோடு நடந்த சண்டை முடிந்து பாராமகால் (நம் பக்கத்துக்கு அன்றைய பெயர்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன கையோடு, பல்லக்கும் பரிவாரமுமாக இந்த வழியாக வந்தார்கள். ராயக்கோட்டை, ஜெகதேவி, வீரபத்திர துர்கம் என்று நம் மலைக்கோட்டைகளை எல்லாம் வரைந்தார்கள். இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய், இந்தியா முழுக்க எடுத்த 144 காட்சிகளைப் பெரிய பெரிய தாள்களில் அச்சிட்டார்கள். அந்தப் பாறைகளின் மேல் விழும் வெளிச்சத்தை அவர்களைப் போல் வேறு யாரும் பிடித்ததில்லை, அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் லண்டனில் பணக்காரர் வீட்டு அலமாரிகளுக்குப் போன அந்த ராயக்கோட்டை, ராயக்கோட்டையில் எந்த வீட்டுச் சுவருக்கும் வரவில்லை. அந்தப் படங்களின் பிரதிகளை நம் பஸ் ஸ்டாண்டுகளில் ஆள் உயரத்துக்கு மாட்டுங்கள் என்று இந்தப் பக்கத்திலேயே எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். பஸ் வருகிற வரைக்கும் நம் ஜனங்கள் கண்ட கண்ட விளம்பரத்தையா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?

பஸ் ஸ்டாண்டு என்றதும் ஃபிளெக்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தர்மபுரியில் ஒரு போர்டு எழுதும் பெயிண்டர் இருந்தார். சாக்பீஸ் தூள் தடவிய நூலைச் சுவரில் இருவர் இழுத்துப் பிடிக்க, நடுவில் ஒரு சுண்டு சுண்டுவார், நேர்கோடு விழும். அதன் மேல் ஸ்கேல் இல்லாமல் எழுத்து எழுதிக்கொண்டே போவார். தலைவர்கள் படம் என்றால் சின்ன போட்டோவில் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்புவார். மூக்கு நுனியை மட்டும் கடைசிக்கு வைத்திருப்பார், அது வந்தால்தான் ஆள் வருவார் என்பார். ஃபிளெக்ஸ் வந்தது, அவருக்கு வேலை போனது. அவர் கடைசியாக எழுதிய ஒரு டீக்கடைப் போர்டு இன்னும் அழியாமல் இருக்கிறது. நம் பக்கத்து ஓவியம் எங்கே என்று கேட்டீர்களே, அதுவும் ஒன்று.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய சாமி படங்கள் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், ஆற்றிலும் விடாதீர்கள். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், படம் கெட்டுவிடும். சட்டத்தின் பின்பக்க அட்டையை மெதுவாக எடுத்துவிட்டு, படத்தின் கீழ் ஓரத்தில் பாருங்கள். ரவிவர்மா பிரஸ், கார்லா – லோனாவ்லா என்று சின்ன ஆங்கில எழுத்தில் இருந்தால் ஒரு போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். சரிகை ஒட்டியிருந்தால், ஒட்டிய பாட்டி யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.