சிவாஜியின் கட்டபொம்மனும் எட்டாம் வகுப்பு மாணவனும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கேள்விகள். எல்லாமே நடிகர் திலகம் சிவாஜி கணேசனைப் பற்றியவை.

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கட்டபொம்மன் வசனம் பேசப் போகிறான். மனப்பாடமெல்லாம் கச்சிதம். ஆனால் பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. கடைசியில் குரல் பிளந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– ஆசிரியை, பாலக்கோடு

முதல் வரியிலேயே உச்சிக்குப் போய்விடுகிறான். அதற்கு மேல் ஏற இடம் இல்லாததால் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறான். ஜாக்சன் துரையோடு மோதும் அந்தக் காட்சியை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். சிவாஜி எடுத்த எடுப்பில் கர்ஜிக்கவில்லை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி, பிறகுதான் வெடிக்கிறது.

பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடம், வயல் வேலைகளை அடுக்கி "செய்தாயா, செய்தாயா" என்று கேட்கும் பகுதி. எல்லாக் கேள்வியும் "ஆயா" என்றே முடிவதால், ஒவ்வொரு முடிவையும் ஒரே மாதிரி மேலே தூக்கி எறிகிறார்கள். மூன்றாவது கேள்வியிலேயே கேட்பவர் காது பழகிவிடும். நான்காவதில் பையனுக்கு மூச்சு போய்விடும். முதல் கேள்வி, திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற குரலில் இருக்கட்டும். இரண்டாவது ஒரு படி ஏறட்டும். மூன்றாவதை வேண்டுமென்றே இறக்கி, அழுத்தி, மெதுவாகச் சொல்லட்டும். கடைசிக் கேள்விக்கு மட்டும் முழுக் குரல். பாலக்கோட்டுப் பையனுக்கு நாற்று நடுவதையும் களையெடுப்பதையும் யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தந்த வேலை கண்ணில் ஓடிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லுங்கள். இடைவெளி தானாக விழும்.

மூச்சுக்கு ஒரு வழி. வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, அரை மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு கோடும் முழு மூச்சு எடுக்கும் இடத்தில் இரண்டு கோடும் போடுங்கள். மூச்சு தீர்ந்த பிறகு இழுக்கக் கூடாது. பாதி இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். தோள் ஏறினால் மூச்சு நெஞ்சோடு நின்றுவிட்டது என்று அர்த்தம், வயிறு அசைய வேண்டும். விழாவுக்குப் பத்து நாள் இருந்தால், முதல் நான்கு நாள் சாதாரணப் பேச்சுக் குரலில் மட்டும் சொல்லிப் பார்க்கட்டும். முழுக் குரலில் ஒரு நாளைக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். விழாவுக்கு முந்தின நாள் தொண்டைக்கு ஓய்வு.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே இருந்தால் "ப" வரும்போதெல்லாம் ஸ்பீக்கர் "புஸ்" என்று ஊதும். உச்ச வரியில் பையன் அரை அடி பின்னால் போகப் பழக்குங்கள். இல்லாவிட்டால் அந்த வரி மட்டும் இரைச்சலாகக் கேட்கும்.

மீசை ஒட்டுவதில்தான் பல கட்டபொம்மன்கள் மானம் போகிறது. ஸ்பிரிட் கம் (ஒப்பனைப் பசை) தடவிய கையோடு மீசையை வைத்தால் வழுக்கும். மேலுதட்டைத் துடைத்து, எண்ணெய்ப் பசை போன பின், மெல்லிசாகத் தடவி, விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும் பதம் வரை காத்திருந்து ஒட்டி, ஈரத்துணியால் அழுத்த வேண்டும். ஒட்டும்போது பையன் வாயை லேசாகத் திறந்து வைத்திருக்கட்டும். மூடிய வாயில் ஒட்டினால் முதல் வசனத்திலேயே ஓரம் எழும்பிவிடும். குழந்தைத் தோல் என்பதால் முந்தின நாளே முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சிவந்தால் மீசையை மையால் வரைந்துவிடுவதே நல்லது. எடுக்கும்போது பிய்க்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஊறவைத்து எடுங்கள்.

பையனிடம் இதையும் சொல்லுங்கள். அந்த வசனம் சினிமாவுக்காகப் பிறந்ததல்ல. சக்தி கிருஷ்ணசாமி அதை சிவாஜி நாடக மன்றத்துக்காக எழுதினார். நாடகம் 1957 ஆகஸ்ட் 28-இல் சேலத்தில் அரங்கேறியது. தர்மபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். அன்றைக்கு நாம் சேலம் மாவட்டம். ஆக, அந்தக் குரல் முதலில் ஒலித்தது நம் மாவட்டத்து மேடையில். பி.ஆர்.பந்துலு அதைப் படமாக எடுத்து வெளியிட்டது 1959-இல். அதற்குள் மேடை மேடையாகப் பேசிப் பேசி, எந்த இடத்தில் நிறுத்தினால் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் என்பது சிவாஜிக்கு அத்துபடி. எட்டாம் வகுப்புப் பையனுக்குக் கிடைத்திருப்பது பத்து நாள். அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

சிவாஜி நடிப்பு மிகை நடிப்பு என்று என் கல்லூரி நண்பர்கள் சொல்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.
– மாணவர், கிருஷ்ணகிரி

சிறு வயதிலேயே பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்து வளர்ந்தவர் அவர். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் கேட்க வேண்டும், முகம் தெரிய வேண்டும். அந்த அளவுக்குத் தயாரான உடம்பும் குரலும் 1952 தீபாவளிக்கு வந்த "பராசக்தி"யில் கேமரா முன் வந்து நின்றன. அதில் நீதிமன்றக் காட்சியைப் பாருங்கள். கூண்டுக்குள் நிற்பவனுக்கு நடக்க இடமில்லை. மு.கருணாநிதி எழுதிய அத்தனை நீள வசனத்தையும் கழுத்து, கண், கை இவற்றை மட்டும் வைத்துத் தாங்க வேண்டும். அதில் ஒரு சொல்கூட மசமசவென்று விழவில்லை. அதைச் சத்தம் என்று சொல்பவர், வாக்கியத்தை அவர் எங்கெங்கே உடைக்கிறார் என்பதைக் கவனிக்கவில்லை.

வயதான பிறகுதான் அடக்கி நடிக்கக் கற்றார் என்பதும் தவறு. "பராசக்தி" வந்து இரண்டே ஆண்டில், 1954-இல், எஸ்.பாலசந்தர் இயக்கிய "அந்த நாள்" வந்தது. பாட்டே கிடையாது, மேடைப்பேச்சும் கிடையாது. அவர் ஏற்றதோ நாட்டைக் காட்டிக்கொடுக்கிறவன் வேடம். அதையும் 1985-இல் வந்த பாரதிராஜாவின் "முதல் மரியாதை"யையும் அடுத்தடுத்துப் பாருங்கள். எந்தப் பாத்திரத்துக்கு எவ்வளவு என்ற கணக்கு அவரிடம் முதலிலிருந்தே இருந்தது. சில படங்களில் அளவு தாண்டியிருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. கதை பலவீனமாக இருந்த இடங்களில், எல்லாப் பாரத்தையும் அவரே தூக்கப் பார்த்ததால் வந்த வினை அது.

நண்பர்களுக்கு ஒரு சோதனை வையுங்கள். "கௌரவம்" (1973) படத்தில் பாரிஸ்டர் ரஜினிகாந்தும் அவர் வளர்த்த பிள்ளையும் சந்திக்கும் ஒரு காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டு பேருமே சிவாஜிதான். முதுகின் நிமிர்வு, தலை திரும்பும் வேகம், நிற்கும் விதம் இவற்றை வைத்தே யார் யார் என்று சொல்லிவிடலாம்.

"தில்லானா மோகனாம்பாள்" படத்தில் சிவாஜி நிஜமாகவே நாதஸ்வரம் வாசித்தாரா?
– நாதஸ்வரம் பயிலும் வாசகர், காவேரிப்பட்டணம்

இல்லை. 1968-இல் வந்த அந்தப் படத்தில் கேட்பது மதுரை எம்.பி.என். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. கேள்வி உங்களுக்கு வந்ததே சிவாஜியின் வெற்றிதான்.

வாத்தியம் வாசிப்பதுபோல் நடிப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் உங்களுக்கே தெரியும். நாதஸ்வரத்தில் பன்னிரண்டு துளை. விரல் ஆள்வது ஏழைத்தான், கீழே உள்ளவை சுருதி சரிசெய்ய. விவரம் தெரியாதவர் ஒரே சுரம் நீளமாக நிற்கும்போதும் விரலை ஆட்டிக்கொண்டிருப்பார். சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றி வாசிக்கும் அலங்காரம்) பொழியும்போது விரல் பின்தங்கும். அதைவிடப் பெரிய குட்டு மூச்சு. பாட்டு நடுவில் ஓடிக்கொண்டிருக்க, நடிகரின் கன்னம் தளர்ந்துபோகும். அல்லது சீவாளி (வாயில் வைத்து ஊதும் முனை) வாயிலிருந்து விலகிய பிறகும் ஒலி கேட்கும். சிவாஜி முதலில் பிடித்துக்கொண்டது மூச்சை. சொற்றொடர் எங்கே முடிகிறதோ அங்கேதான் அவர் மார்பு இறங்குகிறது. கழுத்து நரம்பு புடைப்பதும், கடினமான இடத்தில் புருவம் ஏறுவதும், தவில் வாசிக்கும் டி.எஸ்.பாலையாவை ஓரக்கண்ணால் பார்த்து அடுத்த அடிக்குத் தயாராவதும் கச்சேரி மேடையில் நீங்கள் பார்த்தவைதான். பார்ப்பவர் கண் விரலுக்குப் போகுமுன் முகத்துக்குப் போய்விடுகிறது.

சிவாஜியின் நடிப்பு தெருக்கூத்திலிருந்து வந்தது என்கிறார்களே?
– கூத்துக் கலைஞர், பென்னாகரம்

நேரடியாக இல்லை. அவர் வந்த வழி கம்பெனி நாடகம். கூத்துக்கு அது பங்காளி முறை: பாட்டு, வசனம், அழுத்தமான நுழைவு எல்லாம் இரண்டுக்கும் பொது. நீங்கள் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, கூட்டத்தைக் காக்கவைத்துவிட்டுத் திரையை விலக்குகிறீர்கள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, தாமதித்து, திரும்புகிறார். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

"நவராத்திரி" (1964) படத்தை அவசியம் பாருங்கள். ஏ.பி.நாகராஜன் இயக்கியது, சிவாஜிக்கு ஒன்பது வேடம். அதில் ஒன்று கூத்துக் கலைஞர். சாவித்திரியோடு சேர்ந்து ஆடும் சத்தியவான் சாவித்திரி கூத்தில் அவர் கால் வைக்கும் விதத்தையும் பாட்டிலிருந்து வசனத்துக்கு இறங்கும் இடத்தையும் உங்கள் கண்ணால் எடைபோடுங்கள். அதே படத்தில் தொழுநோயாளியாக வரும்போது அதே உடம்பு எப்படிச் சுருங்கிவிடுகிறது என்பதையும் பாருங்கள்.

உங்கள் குழுவில் சிவாஜி பாணி வசனம் பேசும் இளைஞருக்கு நடுச்சாமத்தில் குரல் கட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விடிய விடிய ஆடுகிற கூத்தில் அந்த வசன வேகத்தை அப்படியே போட்டால் கட்டத்தான் செய்யும். சினிமாவில் அது சில நிமிடம். பிறகு அடுத்த ஷாட். அவருக்கு மட்டும் ஆர்மோனிய சுருதியை அரைக் கட்டை இறக்கிக் கொடுங்கள், படுகள நாளில் (பாரதக் கூத்தில் துரியோதனன் வீழும் நாள்) அவருடைய பெரிய வசனங்களை இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள், இடையிடையே வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது எத்தனை முறை கிடைத்தது?
– வாசகர், அரூர்

ஒருமுறைகூட இல்லை. நினைக்க நினைக்க மனம் ஆறாத விஷயம் இது. "கட்டபொம்மன்" படத்துக்காக 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய – ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. பத்மஸ்ரீ 1966, பத்மபூஷண் 1984, பிரான்ஸ் அரசின் செவாலியே 1995, 1996-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது. 2001 ஜூலை 21-இல் காலமானார்.

"சிவாஜி" என்ற பெயர்?
– வாசகர், ஓசூர்

பெயர் வி.சி.கணேசன். அண்ணா எழுதிய "சிவாஜி கண்ட இந்து ராஜ்ஜியம்" நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்ததைப் பார்த்த பெரியார் அப்படி அழைத்தார்.

கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தை சிவாஜி வாங்கினார் என்பது உண்மையா? குடும்பத்தோடு போய்ப் பார்க்க முடியுமா?
– வாசகர், காரிமங்கலம்

உண்மை. 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறில் நிலம் வாங்கி, 1970-இல் சிலை எழுப்பினார். வழி சுலபம். கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தெற்கே போய்க்கொண்டே இருங்கள்: சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, கோவில்பட்டி, அடுத்து கயத்தாறு. நேரமிருந்தால் ஓட்டப்பிடாரம் பக்கம் பாஞ்சாலங்குறிச்சிக்கும் போங்கள். அங்குள்ள நினைவுக் கோட்டை 1974-இல் தமிழக அரசு கட்டியது. பாலக்கோட்டு ஆசிரியை தன் மாணவனையும் அங்கே ஒருமுறை அழைத்துப் போகலாம்.