16 நாளில் அயோடின் ஏன் தீர்ந்துபோகவில்லை?

அணுக்கரு தானாகவே சிதையும் கதிரியக்கப் பொருளான அயோடின்-131 பற்றி ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "அயோடின்-131இன் அரை ஆயுட்காலம் 8 நாள். 80 மில்லிகிராமில் பாதி 8 நாளில் போனால், மீதிப் பாதி அடுத்த 8 நாளில் போக வேண்டாமா? விடையில் 20 மிச்சம் என்று இருக்கிறதே?"

நியாயமான சந்தேகம்தான். மெழுகுவர்த்தி அப்படித்தான் எரியும். ஆனால் அணுக்கருவுக்கு வயது ஏறுவதில்லை. நேற்று உண்டானதோ போன வாரம் உண்டானதோ, ஒவ்வொரு அயோடின்-131 அணுவும் அடுத்த 8 நாளில் சிதைய வாய்ப்பு பாதிக்குப் பாதி. அதனால் 8ஆம் நாள் நிற்கும் 40இல் பாதிதான் 16ஆம் நாளுக்குள் போகும், 24ஆம் நாள் 10 நிற்கும்.

இதை விட்டுவிட்டு 'மூன்று நொடியில் விடை' என்று குறுக்குவழித் தாள்களை விற்கிறார்களே, அவற்றைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். பாதி பாதியாக வெட்டத்தான் அவை சொல்லித்தரும். 12 நாள் என்று கேட்டால் அந்தத் தாளை நம்பியவர் 40க்கும் 20க்கும் நடுவே 30 என்று எழுதிவிடுவார். சரியான விடை சுமார் 28.3. 12 நாள் என்பது ஒன்றரை அரை ஆயுட்காலம், ஆக 80ஐ 2இன் 1.5ஆம் அடுக்கால், அதாவது 2.83ஆல் வகுக்க வேண்டும். 8ஆம் நாளுக்குப் பிறகு முதல் 4 நாளில் 11.7 போகிறது, அடுத்த 4 நாளில் 8.3தான். வினாத்தாள்களும் எப்போதும் 8, 16, 24 என்றே கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளைகள் இதை எப்போது கற்பது?

அதே தாள்களில் இன்னொரு அபத்தம்: சூடாக்கினால் வினை வேகமாகும் என்ற வேதிவினைப் பாடத்தைச் சிதைவுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். வேதிவினை எலக்ட்ரான்களின் விஷயம், இது அணுக்கருவின் விஷயம், சூடு அங்கே எட்டாது. ஒரு விலக்கு உண்டு. பெரிலியம்-7 தன் எலக்ட்ரானையே உள்ளே இழுத்துக்கொண்டு சிதைகிறது, அரை ஆயுட்காலம் சுமார் 53 நாள். கருவின் அருகே எலக்ட்ரான் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பது சேர்மத்துக்குச் சேர்மம் கொஞ்சம் மாறுவதால் அந்த 53 நாளும் கொஞ்சம் மாறும், அதுவும் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். உங்கள் அயோடின் எலக்ட்ரானை வெளியே விடும் பீட்டா சிதைவு, அதற்கு இந்தக் கவலை வேண்டாம்.

அப்புறம், 'போய்விடுகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கும் போகவில்லை, செனான்-131 ஆகிவிடுகிறது. மூடிய குழாயில் வைத்து 16ஆம் நாள் எடை போட்டாலும் தராசு கிட்டத்தட்ட அதே 80ஐத்தான் காட்டும், 20 அயோடின், 60 செனான். அதனால் விடையில் வெறும் 20 என்று எழுதாமல் 'மீதமுள்ள அயோடின்-131, 20 மில்லிகிராம்' என்று பெயரோடு எழுதுங்கள்.