ஊகிக்கும் விளையாட்டில் குறிப்புகள் முரண்படுவது ஏன்?

வணக்கம். 60 என்று உள்ளிட்டால் ‘இன்னும் பெரிய எண்’ என்றும், அடுத்து 61 கொடுத்தால் ‘இன்னும் சிறிய எண்’ என்றும் ரகசிய எண்ணை நாம் ஊகிக்க வேண்டிய உங்கள் ஜாவா விளையாட்டு நிரல் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். ஒப்பீட்டு வரிகளில் பிழையில்லை. நெக்ஸ்ட்இன்ட் (தற்செயலாக ஒரு முழு எண்ணைத் தரும் ஜாவா கட்டளை) மூலம் ரகசிய எண்ணைப் பெறும் வரி திரும்பத் திரும்ப இயங்கும் வைல் சுழற்சிக்குள் இருப்பதால், நீங்கள் ஊகிக்கும் ஒவ்வொரு முறையும் புதிய எண் உருவாகி, முந்தைய குறிப்பு பொருளற்றதாகிவிடுகிறது. அந்த வரியைச் சுழற்சிக்கு மேலே நகர்த்துங்கள். உங்கள் ஊகத்தைப் படிக்கும் ஸ்கேனர் வரி மட்டும் உள்ளேயே இருக்கட்டும். மேலும், நெக்ஸ்ட்இன்ட்(100) 0 முதல் 99 வரையிலான எண்களையே தரும் என்பதால், 1 முதல் 100 வரை வேண்டுமானால் அது தரும் எண்ணுடன் 1 கூட்டுங்கள். சோதிக்கும்போது ரகசிய எண்ணைத் தற்காலிகமாகத் திரையில் அச்சிட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் எனக்கு இதே பிழையைக் காட்டிக்கொடுத்தது அதுதான்.