பழைய லேப்டாப்புக்குப் புது விண்டோஸ்: காசை எதில் போடுவது?

கே: 2017-ல் வாங்கிய லேப்டாப். ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் ஆகவே ஐந்து நிமிடம் ஆகிறது. "விண்டோஸ் 10 காலாவதி ஆயிடுச்சு, 11 போட்டுத் தர்றேன், 1,500 ரூபாய்" என்கிறார் கடைக்காரர். போடலாமா?

ப: ஆன் ஆக ஐந்து நிமிடம் ஆவதற்கும் விண்டோஸ் 10 காலாவதி ஆனதற்கும் சம்பந்தமில்லை. அந்தத் தாமதம் ஹார்ட் டிஸ்க்கால் வருவது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஒன்றுமே செய்யாத நேரத்திலும் 'டிஸ்க்' என்ற இடத்தில் 100% காட்டினால், அதே டிஸ்க்கில் 11 போட்டாலும் இதே ஐந்து நிமிடம்தான், கூடவும் செய்யலாம். முதல் செலவு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க். உங்கள் ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் 2.5 அங்குல சாட்டா (ஹார்ட் டிஸ்க்குக்கும் உள்ள அதே இணைப்பு) வகை நேராக உட்காரும். 500 ஜிபி தாராளம்.

வாங்கும்போது சீரியல் எண் எழுதிய பில் கேளுங்கள். மாட்டியதும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, எத்தனை மணி நேரம் ஓடியது என்ற வரியைப் பாருங்கள். புது எஸ்எஸ்டியில் அது ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். 4,000 மணி நேரம் என்று காட்டினால் வேறு யாருடைய லேப்டாப்பிலோ ஓடிய சரக்கு. கடையை விட்டு இறங்குவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி விண்டோஸ். 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது உண்மைதான். ஆனால் வீட்டுக் கணினிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. உங்களிடம் இருப்பது விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2-ஆக இருந்தால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் காசே இல்லை. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. இதில் அவர்களுக்குக் கூலி கிடையாதே.

11-ன் நிபந்தனைப்படி இன்டெல் பிராசஸரில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். ஏழாவதில் விதிவிலக்காகச் சிலதான் உண்டு. ஆகவே கடைக்காரர் செய்யப்போவது, ரூஃபஸ் மென்பொருளில் பென்டிரைவ் தயாரிக்கும்போதே அந்த நிபந்தனையைச் சரிபார்க்கும் சோதனையை நீக்கிவிடுவது. ஏழாம் தலைமுறையில் அப்படிப் போட்டால் ஓடும், மாதாந்திர அப்டேட்டும் பெரும்பாலும் வரும். ஆனால் தருவோம் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லவில்லை. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு முறையும் ஐஎஸ்ஓ (விண்டோஸின் முழு இன்ஸ்டால் ஃபைல்) இறக்கி நீங்களே ஏற்ற வேண்டும், இல்லை மறுபடி 1,500. நானாக இருந்தால் எஸ்எஸ்டியில் 10-ஐயே போட்டு, மேலே சொன்ன நீட்டிப்பில் சேர்ந்து, அது முடியும்வரை ஓட்டுவேன்.

எதைச் செய்தாலும் முதலில் பேக்கப். டி டிரைவில் இருப்பதெல்லாம் பத்திரம் என்ற நினைப்பில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டும் இருப்பது சி டிரைவில். டாலி (கணக்கு மென்பொருள்) வைத்திருந்தால் அதன் டேட்டா ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று டாலிக்குள்ளேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருந்தால், பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பில்) கை வைப்பதற்கு முன் 48 இலக்க பிட்லாக்கர் ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்வது கட்டாயம். அது இல்லாமல் பூட்டிக்கொண்டால் எந்தக் கடையிலும் திறக்க முடியாது.

கே: எஸ்எஸ்டி வாங்கி நானே மாட்டினேன். டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் கேடி (டிஸ்க் பொருத்தும் சட்டம்) வைத்து, பழைய ஹார்ட் டிஸ்க்கை அதில் போட்டுவிட்டேன். விண்டோஸ் போடும்போது 'எம்பிஆர் பார்ட்டிஷன்' என்று பிழை சொல்லி நின்றுவிடுகிறது.

ப: கேடியை முதலில் வெளியே எடுங்கள். இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்தால், விண்டோஸ் எஸ்எஸ்டியில் ஏறினாலும் பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கில் போய் உட்காரலாம். பின்னொரு நாள் பழையதைக் கழற்றும்போது லேப்டாப் எழுந்திருக்காது.

பிழைக்குக் காரணம், பென்டிரைவ் யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் எழுந்திருக்கிறது, டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு வேண்டியது ஜிபிடி என்ற பிரிப்பு முறை. பிழை வந்த திரையில் ஷிஃப்ட், எஃப்10 அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அதில் டிஸ்க்பார்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர், பிறகு லிஸ்ட் டிஸ்க். அளவைப் பாருங்கள்: 500 ஜிபி எஸ்எஸ்டி 465 என்று காட்டும், பழைய 1 டிபி 931. செலக்ட் டிஸ்க் என்று எஸ்எஸ்டியின் எண்ணைக் கொடுத்து, க்ளீன், கன்வர்ட் ஜிபிடி. க்ளீன் என்று தட்டினால் கேள்வியே கேட்காமல் அந்த டிஸ்க்கை வழித்துவிடும்; கேடியைக் கழற்றச் சொன்னதற்கு இதுவும் காரணம். பிறகு முந்தைய திரைக்குப் போய் ரிஃப்ரெஷ் அழுத்தித் தொடரலாம்.

கீ கேட்டால் 'என்னிடம் கீ இல்லை' என்பதையே தேர்ந்தெடுங்கள். முன்பு ஹோம் இருந்தால் ஹோம்தான் போட வேண்டும். ஆசைப்பட்டு புரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது.

கே: 399 ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கும் 'லைஃப்டைம்' விண்டோஸ் கீ நம்பகமானதா?

ப: பெரும்பாலும் உங்களுக்கு அது தேவையே இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு வந்த லேப்டாப்புகளுக்கு கீ பயாஸிலேயே பதிந்து வருகிறது. மதர்போர்டு மாற்றாதவரை, நெட் இணைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். கடை பில்லில் 'விண்டோஸ் கீ' என்று தனியாக ஒரு தொகை இருந்தால் எதற்கு என்று கேளுங்கள்.

மலிவு கீக்களில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்ததைப் பிரித்து விற்பவை. ஏற்கெனவே யாராவது போட்டுக் கொடுத்திருந்தால் நீங்களே சோதிக்கலாம். கமாண்ட் பிராம்ப்டில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு, டி, எல், ஐ. வரும் பெட்டியில் ஓஇஎம் (லேப்டாப்போடு வந்தது) அல்லது ரீட்டெய்ல் (தனியாக வாங்கியது) என்று இருந்தால் சரி. வால்யூம் கேஎம்எஸ் (நிறுவனங்களுக்கான முறை) என்று இருந்தால் அது 180 நாளுக்கொரு முறை புதுப்பித்தாக வேண்டிய ஆக்டிவேஷன். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் ஆக்டிவேட்டர் (கீ இல்லாமலே ஆக்டிவேட் செய்யும் மென்பொருள்) என்றால், அதே லேப்டாப்பில் நெட் பேங்கிங் வேண்டாம்.

கே: அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப், 2 ஜிபி ரேம். தங்கையின் படிப்புக்குத் தேற்ற முடியுமா?

ப: 11-ஐ மறந்துவிடுங்கள். ரேமை 4 ஜிபி ஆக்கி, விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மின்ட் 22-ன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போடுங்கள். 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. அந்தக் காலத்து லேப்டாப்புகளில் பெரும்பாலும் இருப்பது 204 பின் டிடிஆர்3 ரேம். பழைய குச்சியைக் கழற்றி அதையே கடைக்குக் கொண்டுபோங்கள். பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டி வைஃபை, ஒலி, கேமரா மூன்றையும் பார்த்த பிறகே இன்ஸ்டால் செய்யுங்கள். வைஃபை வராவிட்டால் போனை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்து டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பெரும்பாலும் தீரும். பாடம், யூடியூப், தமிழில் டைப் செய்வது எல்லாம் நடக்கும். டாலி வேண்டுமென்றால் இந்த வழி ஒத்துவராது.

எல்லாம் போட்ட பிறகும் எந்த இணையதளமும் 'பாதுகாப்பற்றது' என்று திறக்க மறுத்தால் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு முறை அணைத்து எழுப்பும்போதும் தேதி பத்துப் பன்னிரண்டு வருடம் பின்னால் போனால் மதர்போர்டில் இருக்கும் காசு பேட்டரி செத்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032தான், சிலவற்றில் வயரோடு வரும், அதையும் கழற்றிக் காட்டியே வாங்குங்கள்.