நார்ச்சத்து, குடல், பசி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அக்கா, காலையில் 4 இட்லி சாப்பிட்டாலும் 11 மணிக்கே பசிக்கிறது. கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டால் மதியம் வரை தாங்குகிறது. நார்ச்சத்துதான் காரணமா?

பதில்: பாதி காரணம். காய்ந்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 25 கிராம் நார்ச்சத்து; அதோடு புரதமும் நிறைய. மென்று தின்னவே நேரம் பிடிக்கும். இட்லி அரைத்து, புளித்து, வெந்து பஞ்சாக வருகிறது. வயிற்றுக்கு அதில் பெரிய வேலை இல்லை.

கேள்வி: குடலில் நார்ச்சத்து நொதித்தால் பசி அடங்கும் என்கிறார்களே, எப்படி?

பதில்: சிறுகுடலால் செரிக்க முடியாத நார் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து அசிடேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவை குடல் சுவரின் எல் செல்களைத் தூண்ட, ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஹார்மோன்கள் சுரக்கின்றன. 'போதும்' என்று மூளைக்குச் சொல்பவை இவைதான். ஆனால் உணவு அங்கே போய்ச் சேரவே பல மணி நேரம் ஆகும். அதனால் காலையில் தின்ற சுண்டலின் நொதிப்பு, அடுத்த வேளைப் பசியில்தான் தெரியும், அதுவும் லேசாக. இதை வைத்தே எடை குறைந்துவிடும் என்று யாராவது பொடி விற்றால் நம்பாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் சாப்பிட்ட உடனே வயிறு நிறைந்த மாதிரி இருப்பது?

பதில்: அது சில வகை நாரின் பிசுபிசுப்பு செய்யும் வேலை. ஒரு டம்ளர் தண்ணீரில் 2 ஸ்பூன் இசப்கோல் (ஒரு விதையின் உமி, முழுக்க நார்தான்) போட்டு 10 நிமிடம் விட்டுப் பாருங்கள், கூழாகிவிடும். ஓட்ஸ் கஞ்சியின் வழவழப்பும் இதே ரகம்தான். வயிற்றிலும் இப்படிக் கெட்டியாவதால் உணவு மெதுவாக இறங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், இசப்கோல் குடலில் அவ்வளவாக நொதிப்பதே இல்லை! இதை உலர்ந்த பொடியாக மட்டும் விழுங்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: பழைய சோறும் நொதித்ததுதானே?

பதில்: அது பானையில் நொதித்தது, நான் சொன்னது பெருங்குடலில் நடப்பது. சோறு ஆறும்போது மாவுச்சத்தில் கொஞ்சம் செரிக்காத வகையாக மாறும், அது நாரைப் போலவே பெருங்குடலுக்குப் போகும். ஆனால் அளவு சொற்பம்.

கேள்வி: சுண்டல் ஆரம்பித்ததிலிருந்து ஒரே வாயு. ஆபீஸில் மானம் போகிறது!

பதில்: நொதித்தால் வாயு வராமல் இருக்குமா? ராத்திரி ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். முதல் வாரம் ஒரு கைப்பிடி போதும், அப்புறம் மெல்லக் கூட்டலாம்.