கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் சமயக் கல்விக்கு என்ன இடம்? மற்ற மதப் பிள்ளைகளும் அதைப் படித்தாக வேண்டுமா?

உங்கள் கேள்வியைப் படித்தபோது, வீட்டருகே உள்ள ஆர்.சி. தொடக்கப்பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கிறீர்கள், பள்ளியைப் பற்றி அக்கம்பக்கத்தார் நல்லவிதமாகச் சொல்கிறார்கள், ஆனாலும் நீங்கள் கத்தோலிக்கர் அல்லாததால் மனத்தில் ஒரு தயக்கம் இருக்கிறது என்று தோன்றியது. திருச்சிராப்பள்ளிப் பக்கம் அரசு உதவி பெறும் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு எங்கள் நம்பிக்கையைக் கற்பிக்கும் மறைக்கல்வி வகுப்பும் எடுத்திருக்கிறேன், மற்றப் பிள்ளைகளுக்கான நன்னெறி வகுப்பும் எடுத்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு வெளியிலிருந்து பலரும் பதில் சொல்கிறார்கள். அந்த அறைகளில் நின்றவர்கள் சொல்வது குறைவு என்பதால் எழுதுகிறேன்.

கட்டாயமா என்ற கேள்விக்கு விடை எளிது: கட்டாயம் இல்லை. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் எந்தக் கல்வி நிறுவனத்திலும், மாணவரின் ஒப்புதல் இல்லாமலும், அவர் சிறுவராக இருந்தால் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் இல்லாமலும், சமய போதனையிலோ வழிபாட்டிலோ அவரைக் கலந்துகொள்ளச் செய்யக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவின் 3ஆம் உட்பிரிவு சொல்கிறது. சிறுபான்மையினர் தம் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை 30ஆவது பிரிவு தருகிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு அடிப்படை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள்.

திருச்சபையின் நிலைப்பாடும் இதற்கு மாறானதன்று. உலகெங்கும் உள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கை, பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று சொல்கிறது. கத்தோலிக்கர் அல்லாத மாணவர்களும் படிக்கும் பள்ளிகளைத் திருச்சபை தன் நெஞ்சுக்கு நெருக்கமானவையாகக் கருதுகிறது என்றும் சொல்கிறது. கத்தோலிக்கப் பள்ளியின் சமயப் பண்பைப் பற்றி உரோமையிலுள்ள கல்விப் பேராயம் (திருச்சபையின் கல்வித் துறை) 1988இல் ஒரு வழிகாட்டி ஏடு வெளியிட்டது. சமயத்தைப் பற்றிய அறிவைத் தரும் பாடம் வேறு, ஏற்கெனவே நம்பிக்கை கொண்டவர்களை அந்த நம்பிக்கையில் வளர்க்கும் மறைக்கல்வி வேறு என்று பிரித்துக் காட்டுவதோடு, மாணவரின் மனச்சான்றையும் குடும்பத்தின் சமயச் சுதந்திரத்தையும் மதிக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது. எங்கள் பள்ளியின் கால அட்டவணையில் மறைக்கல்வி, நன்னெறி என்று இரண்டு வகுப்புகள் ஒரே நேரத்தில் இருந்ததற்கு இதுவே காரணம். ‘மதமாற்றம்’ என்று உடனே பின்னூட்டம் எழுத விரும்புபவர்கள் முதலில் இந்தப் பிரிவினையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் பணியாற்றிய காலம் முழுவதும் எங்கள் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளைகூட மதம் மாறவில்லை. மாற்றும் நோக்கம் யாருக்கும் இருக்கவும் இல்லை.

இனி, மறைக்கல்வியின் வேலை என்ன என்பது. தமிழ் மண்ணில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு (தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்கு) வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் மணி அடித்துக்கொண்டே தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களைக் கூட்டி, தமிழில் செபங்களைச் சொல்லிக் கொடுத்தார். அந்தச் சிறுவர்கள் வழியாகத்தான் செபங்கள் வீடுகளுக்குள் நுழைந்தன. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் போர்த்துகீசியக் குருவான அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கங்கள் கொண்ட சிறு மறைக்கல்வி ஏடு. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் சிறுவரும் பெரியவரும் மனப்பாடம் செய்வதற்கான ஒரு ஞானோபதேச ஏடு என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. தொடக்கப்பள்ளிப் பருவத்துக்கு இதில் தனி இடம் கிடைத்தது 1910இல். ஏறத்தாழ ஏழு வயதில் நன்மை தீமை பிரித்தறியும் புத்தி வந்தவுடனே பிள்ளைகள் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்து நற்கருணை (இயேசுவின் உடலாக நாங்கள் ஏற்கும் திருப்பலி அப்பம்) வாங்கலாம் என்று திருத்தந்தை பத்தாம் பயஸ் அந்த ஆண்டு ஆணையிட்டார். அதற்கு முன் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புதுநன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை வாங்குவதற்கு, ஆயத்தப்படுத்தும் பொறுப்பு அதன்பின் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் கைக்கும் வந்து சேர்ந்தது.

வெறும் மனப்பாடம்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்: பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருவது, அவற்றுக்காக மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்வது, குருவிடம் அறிக்கையிடுவது, அவர் கொடுக்கும் அபராதத்தை (பாவப் பரிகாரமாகச் சொல்லச் சொல்லும் செபம் போன்றவற்றை) நிறைவேற்றுவது. இதை ஐந்து விரல்களையும் மடக்கி மடக்கிச் சொல்லப் பழக்குவேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், எல்லாரும் எழுந்து போன பிறகும் பாயில் உட்கார்ந்திருந்தான். “டீச்சர், ஃபாதர் மூணு அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னா, அதைச் சொல்லிட்டு எடுத்த பொருளை நாமளே வெச்சுக்கலாமா?” என்று கேட்டான். எந்தப் பொருள் என்று நான் கேட்கவில்லை. திருடிய பொருளையோ அதன் மதிப்பையோ உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. அதைப் பையனுக்குப் புரியும்படி சொன்னேன். செபம் சொல்வது ஆண்டவரிடம் திரும்பி வருவதற்கு. பொருள் அது யாருடையதோ அவரிடம் போக வேண்டும் என்றேன்.

இரண்டொரு நாளில் காந்தம் வைத்த பென்சில் பெட்டி ஒன்றைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தான். அதே வகுப்பிலிருந்த ஓர் இஸ்லாமியப் பிள்ளையுடையது; காணவில்லை என்று அந்தப் பிள்ளை அழுது அடங்கி வெகு நாளாகியிருந்தது. உள்ளே இருந்த வாசனை ரப்பர் பாதி தேய்ந்துபோயிருந்தது. அதனருகே புது ரப்பர் ஒன்றைத் தன் காசில் வாங்கி வைத்திருந்தான். வகுப்பில் வைத்துக் கொடுக்கச் சொல்லவில்லை. பள்ளி விட்டபின் வராந்தாவில் அவனே கொடுத்தான். வாங்கிக்கொண்ட பிள்ளை பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்த்துவிட்டு, “ஸ்கேல் எங்க?” என்று கேட்டது. மறுநாள் ஸ்கேலும் வந்தது. அவனுடைய முதல் பாவசங்கீர்த்தனம் அதற்குப் பிறகுதான் நடந்தது. மறைக்கல்வியின் பங்கு என்ன என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஸ்கேல்தான். சட்டத்துக்கும் பிரம்புக்கும் எட்டாத இடத்தில் ஒரு பிள்ளை தன்னைத் தானே கேள்வி கேட்கப் பழகுவதற்கு வேறு எந்தப் பாடவேளையும் நம் கால அட்டவணையில் இல்லை.

ஆனால் உங்கள் பிள்ளை இருக்கப்போவது மற்ற வகுப்பில். அதைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் விசாரிக்க வேண்டும். எங்கள் பள்ளியில் ஒரு காலத்தில், கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போனதும் மற்றப் பிள்ளைகளை வராந்தாவில் வரிசையாக உட்காரவைத்துக் கையெழுத்து நோட்டு எழுதச் சொல்லிவிடுவார்கள். பெயர் நன்னெறி வகுப்பு; நடப்பது இரட்டைக் கோட்டு நோட்டு. வாழை மண்டியில் சுமை தூக்கும் ஒரு தகப்பனார் இதைக் கவனித்துவிட்டு, வேலைக்குப் போகும் வழியில் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். சமயம் புகட்டுகிறீர்கள் என்று சண்டைக்கு வந்திருக்கிறார் என நினைத்தோம். அவர் கேட்டது வேறு. “அவங்க பிள்ளைங்களுக்கு நல்லது கெட்டது சொல்லித் தர்றீங்க. எம் பிள்ளைக்குக் கோடு போட்ட நோட்டு. எம் பிள்ளைக்கு நல்லது கெட்டது வேண்டாமா டீச்சர்?”

தலைமையாசிரியையாக இருந்த அருட்சகோதரி அன்று மாலையே ஆசிரியர்களைக் கூட்டினார். அந்த ஆண்டிலிருந்து நன்னெறி வகுப்பு முறையாக நடந்தது. பெரும்பாலும் நானே எடுத்தேன், மறைக்கல்வியை வேறொரு சகோதரி எடுத்துக்கொண்டார். பொய், களவு, கேலி, சாப்பாட்டைப் பகிர்தல், வீட்டில் குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்து வரும் பயம் என்று பிள்ளைகளின் வாழ்க்கையில் உள்ளவைதாம் பாடம். இயேசு சொன்ன கதைகளும் அதில் வரும். நான் அதை ஒளிக்க விரும்பவில்லை, ஏனென்றால் பள்ளியின் பெயரிலேயே அது இருக்கிறது. வழியில் அடிபட்டுக் கிடந்த யூதனை அவன் இனத்தார் இருவர் கண்டும் விலகிப் போக, பின்னால் வந்த சமாரியன் தூக்கிச் சென்ற கதையை இரண்டு வகுப்புகளிலும் சொல்லியிருக்கிறேன். மறைக்கல்வியில் அது ஆண்டவரின் வார்த்தை, செபத்தோடு முடியும். நன்னெறியில் அது ஒரு கதை; ஏன் மற்ற இருவரும் விலகிப் போனார்கள் என்று பேசுவோம், செபம் கிடையாது. இது மறைக்கல்வியை நீர்த்துப்போகச் செய்வது என்று எங்கள் சபையைச் சேர்ந்த சிலரே என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள். நம்பாதவரை நம்புகிறவர்போல் வாய் அசைக்க வைப்பதுதான் நம்பிக்கைக்குச் செய்யும் அவமரியாதை என்பதே அப்போதும் இப்போதும் என் பதில்.

அந்தக் கதையைச் சொல்லும்போது, யூதர்கள் சமாரியர்களோடு புழங்க மாட்டார்கள் என்று விளக்குவேன். எந்தப் பிள்ளையும் அதற்கு மேல் விளக்கம் கேட்டதில்லை. ஊரில் எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் புழக்கம் இல்லை என்பது எட்டு வயதுக்குள் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. இங்கே என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று வகுப்பில் நாங்கள் கற்பிக்கிறோம். சில பங்குகளில் (ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகங்களில்) கல்லறைத் தோட்டம்கூட சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளேயே இந்தப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது நல்லது. பங்குகளில் சுவர்கள் இடியும்வரை மறைக்கல்வி ஆசிரியரின் வேலை இரண்டு மடங்காகவே இருக்கும். வீட்டிலும் தெருவிலும் பிள்ளை கற்றுவந்ததை அரைமணி நேரத்தில் அவர் மாற்றிக் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

அந்த அரைமணி நேரத்துக்கும் ஆபத்து வந்துவிட்டது. நான் ஓய்வு பெறும் காலத்தில், கணக்கு முடியவில்லை, ஆங்கில வாசிப்பு பின்தங்கியிருக்கிறது, ஆண்டுவிழாவுக்கு நடனப் பயிற்சி வேண்டும் என்று எது வந்தாலும் முதலில் கை வைப்பது இந்தப் பாடவேளையில்தான் என்றாகிவிட்டது. கத்தோலிக்கப் பெற்றோரே, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சொல்லித்தருகிறார்களே, இங்கே எதற்கு, அதற்குப் பதிலாக அபாகஸ் வைக்கலாமே என்று கேட்டார்கள். காலியிடங்கள் நிரப்பப்படாமல் ஒரே ஆசிரியை இரண்டு வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் நிலையில், நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லவும் முடியவில்லை. ஆனாலும் மறைக்கல்வியும் நன்னெறியும் ஒழுங்காக நடக்காத ஒரு பள்ளி, வாசலில் மாதா சொரூபம் இருப்பதால் மட்டும் கத்தோலிக்கப் பள்ளி ஆகிவிடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நீங்கள் சேர்க்கைக்குப் போகும்போது தலைமையாசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள். மறைக்கல்வி நடக்கும் நேரத்தில் மற்றப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், நன்னெறி வகுப்பை எடுப்பவர் யார், பாடத்திட்டம் எழுத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நல்ல பள்ளியாக இருந்தால் எடுத்துக் காட்டுவார்கள். காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தோடு ஒரு செபமும் இருக்கும்; உங்கள் பிள்ளை அப்போது அமைதியாக நின்றால் போதும், கைகூப்பவோ சிலுவை அடையாளம் போடவோ வேண்டியதில்லை. அதை முன்கூட்டியே பிள்ளையிடமும் வகுப்பாசிரியரிடமும் சொல்லிவிடுங்கள். விண்ணப்பத்தோடு சமய வகுப்புக்கான ஒப்புதல் கேட்டால் படித்துப் பார்த்து, விருப்பம் இல்லையென்றால் இல்லை என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அதற்காக இடம் மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. நன்னெறி வகுப்பு என்ற பெயரில் கையெழுத்து நோட்டு நடந்தால், அந்தத் தகப்பனார் கேட்டதுபோல் நீங்களும் போய்க் கேளுங்கள்.