தட்டான் தாழப் பறக்கவில்லை, ஆனாலும் பந்தல் சாய்ந்தது ஏன்?

கேள்வி: ஈசூனில் எங்கள் புளோக் பக்கத்துச் சமூகத் தோட்டத்தில் புடலை, வெண்டை, முருங்கை போட்டிருக்கிறேன். போன வாரம் விடிவதற்கு முன் அடித்த காற்றில் புடலைப் பந்தல் அப்படியே சாய்ந்துவிட்டது. முந்தின நாள் தட்டானும் தாழப் பறக்கவில்லை, எறும்பும் முட்டை தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறவில்லை. ஊரில் அப்பாயி சொன்ன அடையாளமெல்லாம் சிங்கப்பூருக்குச் சரிவராதா?

பதில்: சரிவரும் அண்ணே. ஆனால் அவை சொல்லும் மழை வேறு, உங்கள் பந்தலைச் சாய்த்த காற்று வேறு.

பூச்சிக்கும் செடிக்கும் தெரிவது தன்னைச் சுற்றியுள்ள ஈரமும் வெளிச்சமும்தான். மண் நனைந்து, காற்று புழுங்கி ஓய்ந்த அந்தியில் ஈசல் கிளம்பும். சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தைப் பாருங்கள், மதியம் மூன்று மணிக்கே இலைகள் ஜோடி ஜோடியாக மடங்கத் தொடங்கினால் மேகம் நன்றாகக் கவிந்துவிட்டது என்று பொருள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இங்கேயே திரண்டு கொட்டுகிற இடிமழைக்கு இந்த அடையாளங்கள் உதவும். அன்றைக்கு வேப்பெண்ணெய் தெளிக்காதீர்கள், உரமும் வைக்காதீர்கள், எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும்.

உங்கள் தோட்டத்தில் அடித்தது அநேகமாக சுமத்ரா சூறைக்காற்று. அது இரவில் சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ உருவாகி, கிழக்கே நகர்ந்து பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ நம்மைத் தாக்கும், சில சமயம் சாயங்காலமும் வரும். 2024 செப்டம்பர் 17 அன்று மாலை அப்படி வந்ததுதான், தெங்காவில் மணிக்கு 83 கிலோமீட்டர் வேகம் பதிவானது. கடலுக்கு அந்தப் பக்கம் கிளம்புகிற காற்று ஈசூன் எறும்புக்கு முந்தின சாயங்காலமே எப்படித் தெரியும்?

இதற்கு வானிலை ஆய்வகத்தின் ரேடார் படம்தான் நல்ல அடையாளம். படுக்கப் போகும் முன் ஒருமுறை, எழுந்ததும் ஒருமுறை பாருங்கள், மேற்கே நீளமாக ஒரு மழைக்கோடு கிழக்கு நோக்கி நகர்ந்தால் அதுதான். வெளியே நிற்கும்போது மேற்கில் கரிய மேகம் தாழ்வாக வரிசைகட்டி, திடீரென்று குளிர்காற்று முகத்தில் அடித்தால் சில நிமிடங்கள்தான் இருக்கும். அப்போது கயிறு கட்ட ஓடாதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு, முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் உள்ளே போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் போதும்.

அதனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை பந்தல் எப்போதும் தயாராக இருக்கட்டும். மேலே பிளாஸ்டிக் தாள் போட்டிருந்தால் எடுத்துவிட்டுக் காற்று புகுந்து போகிற வலை கட்டுங்கள், மூலைக்கால்களை ஆழமாக ஊன்றி வெளிப்பக்கம் இழுகயிறு கொடுங்கள், அடர்ந்த கொடியில் பழுத்த இலைகளைக் கழித்துப் பாரத்தைக் குறையுங்கள். முருங்கை சட்டென்று முறியும் மரம், இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக்கிளை விட்டுக் குட்டையாக நிற்கும். வீட்டுத் தாழ்வாரச் சுவரின் மேல் கறிவேப்பிலைத் தொட்டி ஏதும் வைத்திருந்தால் இன்றைக்கே கீழே இறக்கிவிடுங்கள் அண்ணே, அது விழுந்தால் கீழே நடப்பவர் உயிருக்கே ஆபத்து.